நட்டு போல்ட்டில் பிறந்த கார்

ஒரு கார் கம்பெனிக்கு எஞ்சின் செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது. எஃகுத் தகட்டை அழுத்தி வளைத்துக் கதவாகவும் கூரையாகவும் ஆக்கித் தர ராட்சத பிரஸ்கள் வேண்டும். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் இருந்த ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனியிடம் எஞ்சின் இருந்தது, கியர்பாக்ஸ் இருந்தது, பிரஸ் இல்லை. அதன் ஸ்டாண்டர்டு 8, ஸ்டாண்டர்டு 10 கார்களுக்கு ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம் பாடி செய்து கொடுத்துவந்தது. 1953இல் அந்த நிறுவனத்தை பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. பி.எம்.சி. என்பது ஆஸ்டினும் மாரிஸும் கைகோத்து உருவான கூட்டு, சந்தையில் ஸ்டாண்டர்டுக்கு நேர் எதிரி. பழைய மாடல்களுக்குப் பாடி வந்துகொண்டிருந்தது. அடுத்த காருக்கு யாரிடம் போவது என்பதுதான் கேள்வி.

அந்த அடுத்த கார்தான் ஹெரால்டு. பிற்பாடு நம் சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் ஓடிய அதே கார். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பழைய கார் பேரணிகளில் கூரையில்லாமல் மினுக்கிக்கொண்டு போகிறதே, அது. அறுபது வருஷத்துக்கு முந்தைய காரைப் பிரித்து மேய்ந்து மறுபடி கோக்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் இன்றைய மெக்கானிக்கின் கைராசி மட்டுமில்லை. அன்று பாடி செய்துதர ஆள் கிடைக்காமல் போனதுதான் மூலகாரணம் என்பது என் கட்சி.

ஐம்பதுகளில் கார் உலகம் 'மோனோகாக்' பக்கம் போய்விட்டிருந்தது. அதாவது தனியாகச் சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. நம் அம்பாசடரின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்போர்டும் அப்படித்தான், பம்பாய் டாக்ஸியாக ஓடிய ஃபியட் 1100ம் அப்படித்தான். எடை குறையும், வண்டி இறுக்கமாக இருக்கும். ஆனால் அதற்கு முழுப் பாடியையும் ஒரே கூரையின் கீழ் அழுத்தி வெல்டு செய்யக்கூடிய பெரிய ஆலை வேண்டும். ஸ்டாண்டர்டின் தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே அவர் ஒரு தலைமுறை பின்னால் போனார். கீழே தனிச் சேஸிஸ். மேலே பாடி, அதுவும் துண்டு துண்டாக. ஒவ்வொரு துண்டும் சின்ன ஆலைகளில் செய்யக்கூடிய அளவில். கடைசியில் எல்லாவற்றையும் போல்ட் போட்டு முடுக்கிவிடலாம்.

'ஜோபோ' என்ற சங்கேதப் பெயரில் வேலை தொடங்கியது. ஆனால் கம்பெனிக்குள்ளேயே வரைந்த உருவங்கள் ஒன்றும் தேறவில்லை. களிமண் மாதிரிகள் பார்க்கச் சகிக்கவில்லை. 1957இல் இத்தாலியின் டூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜோவான்னி மிக்கெலோத்தியிடம் வேலை போனது. அவர் சில நிமிஷங்களில் காகிதத்தில் கிறுக்கிக் காட்டிய படம்தான் ஹெரால்டு ஆனது என்று டிரையம்ப் ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். நிமிஷக் கணக்கு எப்படியோ போகட்டும், படத்தில் குறை சொல்ல முடியாது. கத்தி முனை மாதிரி வெட்டிய ஓரங்கள், மெல்லிய தூண்கள், நாலு பக்கமும் கண்ணாடி. அந்த வருஷமே டூரினில் முன்மாதிரி உருவானது. பிறகு ஸ்பிட்ஃபயர், டி.ஆர்.4, ஸ்டாக் என்று டிரையம்பின் நல்ல முகங்கள் எல்லாம் மிக்கெலோத்தியின் கையிலிருந்தே வந்தன.

எஞ்சின் புதிதில்லை. ஸ்டாண்டர்டு 10இல் இருந்த 948 சி.சி.தான். குதிரைத்திறன் சுமார் முப்பத்தைந்து. கம்பெனி காசு செலவழித்தது வேறு இடங்களில். ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் வைத்தார்கள். 25 அடி விட்டத்துக்குள் வண்டி முழுவட்டம் அடித்துவிடும். லண்டன் டாக்ஸிக்குச் சமமான திருப்பம். பிறகு அந்தப் பானெட். மற்ற கார்களில் பானெட் என்றால் ஒரு மூடி. இதில் மட்காடு, ஹெட்லைட், மூக்கு எல்லாம் சேர்ந்த முன்பக்கம் மொத்தமும் ஒரே துண்டு. இரண்டு பக்கமும் உள்ள கொக்கிகளை விடுவித்து முன்னால் சாய்த்தால் எஞ்சின், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில். மெக்கானிக் முன்சக்கரத்து டயர்மேல் உட்கார்ந்துகொண்டே டேப்பட் சரிசெய்யலாம். முதுகை வளைத்து எஞ்சினுக்குள் தலைவிட வேண்டியதில்லை. இன்றைய கார்களில் ஹெட்லைட் பல்பு மாற்ற பம்பரைக் கழற்றுகிறவர்கள் இதைப் பார்த்தால் பெருமூச்சு விடுவார்கள்.

சோதனைக்காக இரண்டு வண்டிகளைத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து மொராக்கோவின் டான்ஜியர் வரை ஆப்பிரிக்கா நெடுக ஓட்டிப் பார்த்தார்கள். 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அறிமுக விழா. கம்பெனித் தலைவர் ஆலிக் டிக் தன் படகுக்கு வைத்திருந்த பெயரையே காருக்கும் வைத்தார். டீலக்ஸ் ரகத்தின் விலை 702 பவுண்டு. அதில் 207 பவுண்டு வரி! 'தி மோட்டார்' பத்திரிகை ஓட்டிப் பார்த்து உச்சவேகம் மணிக்கு 114 கிலோமீட்டர் என்றும், பிரிட்டிஷ் காலனுக்கு 34.5 மைல் என்றும் எழுதியது. நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 12 கிலோமீட்டர். நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தைத் தொட அரை நிமிஷத்துக்கு மேல் ஆனது. அவசரக்காரர்களுக்கான வண்டி இல்லை.

குறைகளும் கூடவே பிறந்தன. துண்டுகளைப் போல்ட்டில் இணைத்தால் இணைப்புக்கு இணைப்பு இடைவெளி. ஆரம்ப வண்டிகளில் மழைத்தண்ணீர் உள்ளே ஒழுகியது, ரோடு கொஞ்சம் மோசமானால் கடகடவென்று சத்தம். அதைவிடப் பெரிய குறை பின்சக்கரங்களில். சிக்கனத்துக்காக ஒரே ஒரு குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கை டிஃபரன்ஷியலின் தலையில் போல்ட் போட்டு, இரண்டு பக்கமும் அச்சுகளை ஊசலாட விட்டிருந்தார்கள். ஸ்விங் ஆக்ஸில் என்று பெயர். நேர் ரோட்டில் சுகம். வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக் மிதித்தாலோ, வண்டியின் பின்புறம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கும், டயரின் பிடி போய்விடும். ஓட்டத் தெரிந்தவர்கள் சமாளித்தார்கள். தெரியாதவர்கள் பள்ளத்தில் கிடந்தார்கள்.

1961இல் லேலண்டு கம்பெனி ஸ்டாண்டர்டு-டிரையம்பைத் தன் வசப்படுத்தியது. பிரிட்டனில் எஞ்சின் 1147 சி.சி. ஆனது, 1967இல் 1296 சி.சி. ஆனது. அதே சேஸிஸைக் குட்டையாக்கி ஸ்பிட்ஃபயர், அதே உடம்பில் ஆறு சிலிண்டர் வைத்து விடெஸ். 1971இல் ஹெரால்டு நிறுத்தப்பட்டபோது ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றிருந்தது.

துண்டு துண்டான காருக்கு இன்னொரு வசதி, அதைப் பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பலாம். அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் அப்படித்தான் கோத்துக்கொண்டன. சென்னையில் 1948இலேயே, யூனியன் கம்பெனியின் கூட்டோடு ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கியிருந்தது. பிரிட்டனில் டிரையம்ப் என்ற பெயரோடு விற்ற கார் இங்கே 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நாட்டில் அன்று கார் என்றால் மூன்றே மூன்று: கல்கத்தா பக்கத்து அம்பாசடர், பம்பாய் ஃபியட், மதராஸ் ஹெரால்டு. வெளிநாட்டுக் கம்பெனிகள், உதிரிபாகங்களை உள்நாட்டில் செய்ய வேண்டும் என்ற அரசின் நிபந்தனையால் ஐம்பதுகளின் நடுவிலேயே மூட்டை கட்டிவிட்டிருந்தன. அதே நிபந்தனைக்கு ஹெரால்டின் அமைப்பு தோதாகப் பொருந்தியது. பெரிய பிரஸ் இல்லாத கவென்ட்ரிக்காக யோசித்த காரை, பெரிய பிரஸ் இல்லாத மதராஸிலும் படிப்படியாகச் செய்யலாம். 

ஆனால் இரண்டு கதவுக் காரில் நம் குடும்பம் ஏறி இறங்குவது லேசில்லை. முன் சீட்டை மடக்கி, புடவையை ஒரு கையால் பிடித்து, குனிந்து நுழைந்து பின்னால் போக வேண்டும். பாட்டியை ஏற்றி இறக்குவதற்குள் முகூர்த்தம் போய்விடும். பிரிட்டனில் கடைசிவரை வராத நாலு கதவு ஹெரால்டு அறுபதுகளின் இறுதியில் சென்னையில் வந்தது. இந்தியாவுக்கென்றே வந்த உருவம் அது. எழுபதுகளின் தொடக்கத்தில் அதன் வாரிசாக கெஸல். நம் மெக்கானிக்குகளுக்கும் ஓட்டுபவர்களுக்கும் பிடிக்காத ஸ்விங் ஆக்ஸிலைத் தூக்கி எறிந்துவிட்டு, கெஸலுக்கு வழக்கமான ஒரே தண்டுப் பின் அச்சைப் போட்டார்கள். எஞ்சின் மட்டும் அதே 948 சி.சி. 1977 வாக்கில் அதுவும் நின்றது. எண்பதுகளில் ரோவர் பாடிக்குள் ஸ்டாண்டர்டின் பழைய வேன்கார்டு கார் காலத்து எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு கடைசி முயற்சி நடந்தது. பெட்ரோலைக் குடித்த குடியில் பெயர் கெட்டு, 1988இல் பெருங்களத்தூர் தொழிற்சாலையே மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் ஐ.டி. வளாகம்.

இனி இந்தக் காரை இப்போது எடுத்துப் புதுப்பிப்பவரின் கணக்குக்கு வருவோம்.

அம்பாசடரையோ ஃபியட்டையோ புதுப்பிக்கும்போது துரு பாடியின் அடிவரிசையில் இறங்கியிருந்தால் அது எலும்பில் இறங்கிய நோய். வெட்டி, ஒட்டி, அளவு மாறாமல் வெல்டு செய்ய வேண்டும். டிங்கர் கெட்டிக்காரராக இல்லாவிட்டால் கதவு சாத்தாது. பட்டி பூசி மறைத்துவிட்டால் வாங்கியவன் தலையில் கை. ஹெரால்டில் அடிப்பலகை, மட்காடு, கூரை எல்லாம் கழன்று வரும். பாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சேஸிஸை மட்டும் மணல் வீசிச் சுத்தம் செய்து பெயின்ட் அடிக்கலாம். சேஸிஸின் பக்கக் கைகளும் வால்பகுதியும்தான் முதலில் அரிபடும். வாங்கப் போகிறவர்கள் பளபளக்கும் பெயின்ட்டைப் பார்க்காமல் கீழே படுத்து டார்ச் அடிக்க வேண்டியது அங்கேதான். பாடித் துண்டு சில்லறைச் செலவு, சேஸிஸ் போனால் கார் போனது. பிரிட்டனில் வண்டியின் அடையாளத்தைத் தீர்மானிக்க வகுத்த புள்ளிக் கணக்கிலும் மற்ற எந்தப் பாகத்தையும்விடச் சேஸிஸுக்கே அதிகப் புள்ளி.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முன்சக்கரத்தின் கீழ்மூட்டில் 'டிரன்னியன்' என்று ஒரு சின்ன வெண்கலப் பாகம் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடியில் மரை வெட்டியிருக்கும்; அந்த மரை இந்த வெண்கலத்துக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுற்றுகிறது. அதற்குக் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும் என்றுதான் டிரையம்ப் சொன்னது. நம் பட்டறைகளில் என்ன நடந்தது? துளையைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை வைத்து அடித்தார்கள். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காமல் மேலேயே உறைந்து நிற்கும். கீழே தண்ணீர் புகுந்து துரு அரிக்கும். ஒருநாள் வண்டியை நிறுத்துவதற்காக ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது தண்டு பட்டென்று முறியும், சக்கரம் படுத்துவிடும். மெதுவாகப் போகையில் நடந்தால் புண்ணியம். நூறு ரூபாய் எண்ணெயில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

நவீன சாமான்களில் எதை ஏற்றலாம், எதை விடலாம்? என்னைக் கேட்டால் முதலில் பிரேக். ஆரம்ப ஹெரால்டுகளில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஸ்பிட்ஃபயரின் முன் டிஸ்க்குகள் அப்படியே பொருந்தும், பிரிட்டனில் பிந்தைய ஹெரால்டுகளே டிஸ்க்கோடு வந்தன. அடுத்து மின்சாரம். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போட்டால் சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்காது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தால் அடிக்கடி உரசித் தேய்த்து இடைவெளி பார்க்கும் வேலை போகும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. பின் சஸ்பென்ஷனுக்கும் வைத்தியம் உண்டு. 1970இல் ஸ்பிட்ஃபயருக்கு வந்த திருத்தப்பட்ட ஸ்பிரிங்கில் அடிப்பட்டை மட்டும் இறுக்கமாக, மற்றப் பட்டைகள் ஆடும்படி இருக்கும். அதை ஹெரால்டில் போட்டால் சக்கரம் மடங்கும் குணம் பெருமளவு அடங்கிவிடுகிறது. இவை எல்லாமே கழற்றினால் பழையபடி ஆகிவிடக்கூடிய வேலைகள். அதுதான் எனக்கு அளவுகோல்.

எரிபொருள் பக்கம் இன்னொரு புதிய தொல்லை. 2000க்குப் பிறகு ஈயம் கலக்காத பெட்ரோல்தான். ஈயத்தை நம்பிச் செய்த பழைய வால்வு இருக்கைகள் நாளடைவில் தேய்ந்து அமுங்கும். எஞ்சினைத் திறக்கும்போதே கடினமான இருக்கைகளைப் பதித்துவிடுவது நல்லது. இப்போது பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. அது பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் கேஸ்கெட்டுகளையும் உப்பவும் வெடிக்கவும் வைக்கும். வண்டியை மாசக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்களுக்குத் தொல்லை இரட்டிப்பு, எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து டேங்கில் துருவை வளர்க்கும். எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றுவது மைலேஜைவிட முக்கியம். பெட்ரோல் ஒழுகி எஞ்சின்மேல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மைலேஜ் என்றதும் நம்மவர்கள் எஞ்சினையே மாற்றலாமே என்பார்கள். மாருதி ஜிப்ஸி, ஆம்னி எஞ்சின்கள் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டுபவை, ஆகவே மெக்கானிக்கின் யோசனை முதலில் அங்கேதான் போகும். செய்யலாம். கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். பேரணிக்கும் கோயிலுக்குமாக வருஷத்துக்கு 1000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 12 கொடுத்தால் 83 லிட்டர். புது எஞ்சின் 16 கொடுத்தால் 62 லிட்டர் சொச்சம். மிச்சம் 21 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் இரண்டாயிரம் ரூபாய். எஞ்சின், கியர்பாக்ஸ், தாங்கி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் மாற்றம், ஆர்.சி. திருத்தத்துக்கு அலைச்சல் எல்லாம் சேர்ந்தால் அந்த இரண்டாயிரத்தை எத்தனை தலைமுறைக்கு மிச்சம் பிடிப்பது? நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுபவர் பிரிட்டன்காரர்கள் மாதிரி ஸ்பிட்ஃபயரின் ஓவர்டிரைவ் கியர்பாக்ஸைத் தேடலாம். டாப் கியரில் எஞ்சின் சுழற்சி குறைந்து, சத்தமும் பெட்ரோலும் மிச்சமாகும். ஆனால் அது நம் சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிற சரக்கில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2021இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டியிருக்க வேண்டும். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும், புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். பேரணி, கண்காட்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க மட்டும் எடுக்கலாம், தினம் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. முக்கியமான நிபந்தனை வேறு: சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஜிப்ஸி எஞ்சின் போட்ட ஹெரால்டு இந்த வாசலிலேயே திரும்பிப் போக வேண்டும். ஆல்டர்னேட்டரும் இக்னிஷனும் அந்த வகையில் வராது.

விலை பற்றி உடைத்தே சொல்கிறேன். ஹெரால்டைப் புதுப்பித்து லாபம் பார்ப்பது கஷ்டம். பிரிட்டனிலும் அது மலிவான பழைய கார்களின் வரிசையில்தான் இருக்கிறது. செய்த எண்ணிக்கை அதிகம், உதிரிபாகம் தாராளம், ஆகவே அரிதென்ற பெயர் இல்லை. ஒழுங்காகச் செய்யும் வேலையின் செலவு பெரும்பாலும் விற்பனை விலையைத் தாண்டிவிடும். அதற்குள்ளும் ஒரு வரிசை உண்டு. கூரை மடங்கும் கன்வெர்ட்டிபிளுக்கு மவுசு. 1964ஓடு நின்றுபோன கூப்பே ரகம் அரிது. சாதா செடான் கடைசி. போல்ட்டில் நின்ற கூரையைக் கழற்றிவிட்டு செடானையே கன்வெர்ட்டிபிள் என்று விற்கிற வேலை இங்கும் உண்டு, அங்கும் உண்டு. பிரிட்டிஷ் வண்டிகளில் கமிஷன் நம்பர் தகட்டின் கடைசியில் 'சி.வி.' என்றிருந்தால் பிறவியிலேயே கூரையில்லாதது. சென்னை வண்டிகளில் பின்தளத்தில் கூரை நின்ற இடத்து போல்ட் துளைகளைத் தடவிப் பாருங்கள், பட்டி அடைத்திருந்தால் விரலுக்குத் தெரியும். அப்படி வெட்டிய வண்டிகளைக் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டு நன்றாகவே சம்பாதிக்கிறார்கள், அதில் எனக்குப் புகார் இல்லை. அசல் என்று சொல்லி விலை வைக்கும்போதுதான் புகார்.

இந்த வரிசையில் கெஸலுக்கு இடமே இல்லை என்பதுதான் வேடிக்கை. எழுபதுகளில் சொற்பமாக வந்த வண்டி, எண்ணிக்கையில் கூப்பேயைவிட அரிது. ஹெரால்டின் பிறவிக் கோளாறான பின் அச்சைச் சென்னையில் சரிசெய்து அனுப்பிய வண்டி. பாட்டி ஏற நாலு கதவும் உண்டு. ஆனால் சேகரிப்பவர்கள் ஒழுகும் கூரையும் மடங்கும் சக்கரமும் உள்ள இரண்டு கதவுக் காரையே தேடி அலைகிறார்கள். கெஸல் கண்ணில் பட்டால் பேரம் பேச நிறைய இடமிருக்கும். உதிரிபாகம் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு, பின் அச்சுக்கு பிரிட்டனிலிருந்து வரவழைக்கவும் முடியாது.